வேகம் குறைக்கப்பட்ட பிற்பகல்

பதினான்கு. மணி இரண்டு ஆறு ஆகிறது, இன்னும் பதினான்கு படம்தான் வந்திருக்கிறது. திரையின் கீழ் மூலையில் 14/260 என்று நிற்கிறது, நிற்கிறது, எனக்குப் பொறுமை போய் அதன்மேல் விரலை வைத்துத் தேய்க்கிறேன், தேய்த்தால் நகருமா என்ன, இதோ பதினைந்து. வழக்கமாக ஒரு வாய் காப்பி குடித்து டம்ளரைக் கீழே வைப்பதற்குள் இருநூற்று அறுபதும் வந்து இறங்கியிருக்கும். தாடையிலிருந்து உச்சிவரை ஒரு முழுத் தலை, மில்லிமீட்டருக்கும் குறைவான கனத்தில் சீவிச் சீவி அடுக்கினது, என் முன்னால் கிடக்கும். மவுஸ் சக்கரத்தை உருட்டி அதற்குள் மேலும் கீழும் ஓடிவிட்டு, அறிக்கை எழுதிவிட்டு, அடுத்த தலைக்குப் போய்விடுவேன். என் பிழைப்பு இதுதான். எங்கெங்கோ சின்ன ஆஸ்பத்திரிகளில் ஸ்கேன் எடுப்பார்கள், அம்பாசமுத்திரத்தில் என் வீட்டில் உட்கார்ந்து நான் பார்த்துச் சொல்வேன், அடியில் டாக்டர் உலகம்மை, ரேடியாலஜிஸ்ட் என்று விழும். நான் உள்ளே புகுந்து பார்த்த யாரும் என்னைப் பார்த்ததில்லை. இன்றைக்கு வருகிறவள் செவ்வந்தி, வயது இருபத்தாறு, மலைமேல் ஒரு தேயிலை ஊர். காலை பத்தேகாலுக்கு வலது காலும் கையும் இழுத்துவிட்டது என்று ஒரே வரி எழுதி அனுப்பியிருக்கிறார்கள். மூளைக்குப் போகும் குழாயில் அடைப்பு என்றால் அதைக் கரைக்க ஊசி இருக்கிறது, நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதாவது இரண்டே முக்காலுக்குள். தலைக்குள் ரத்தம் கசிந்திருந்தால் அதே ஊசி ஆளைக் கொன்றுவிடும். அடைப்பா கசிவா என்பது வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. உள்ளே பார்த்து, ரத்தம் இருக்கிறது, இல்லை, இரண்டில் ஒரு வார்த்தையை நான் சொல்ல வேண்டும். ஒரு நிமிடம் தாமதித்தால் பத்தொன்பது லட்சம் நரம்பணுக்கள் போகும் என்று படித்து வைத்திருக்கிறோம், பரீட்சைக்குப் படித்தபோது அது வெறும் எண். இப்போது பதினாறு. இருபத்து நாலாம் தேதியிலேயே திரையில் ஒரு பெட்டி முளைத்திருக்கிறது, உங்கள் மாதாந்திர அளவு முடிந்துவிட்டது, வேகம் அறுபது எம்பிபிஎஸ்ஸிலிருந்து ஒன்றாகக் குறைக்கப்பட்டுள்ளது, கூடுதல் அளவு பெற இங்கே தட்டவும். தட்டினேன். நான்கு மணி நேரத்துக்குள் கூட்டித் தரப்படும் என்று பணிவாகச் சொல்கிறது. செல்போன் இணைப்புக்கு மாறலாம் என்றால் எங்கள் தெருவில் பேச்சுக்கே திணறும், நெட்டைத் திறந்தால் வட்டம் சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும், அதையும் பார்த்தாயிற்று. ஆயிரம் ஜிபி. என் வேலைக்கு முந்நூறு தாண்டாது. மீதியை யார் தின்றது இந்த வீட்டில், நானும் மாமாவும் மட்டும் இருக்கிற வீட்டில்?

கேட்கும்போதே விடை தெரிந்துவிட்டது, அடுத்த அறைதான், பூஜை அறை. என் மாமனார் பிரமநாயகம், எழுபத்தெட்டு வயது, முழங்கால் வலி, கோயிலுக்கு நடக்க முடியாது. போன மாதம் என் வீட்டுக்காரர் சென்னையிலிருந்து வந்தபோது அப்பாவுக்கென்று பெரிய டிவி ஒன்று வாங்கிப் பூஜை அறைச் சுவரில் மாட்டிவிட்டுப் போனார். ஒரு கோயிலில் கருவறையை இருபத்து நாலு மணி நேரமும் நேரலையில் காட்டுகிறார்கள். அதற்கு முன்பு அதையே கையகல டேப்லெட்டில் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய் நின்றபோது திரையில் நடை சாத்தியிருந்தது. பன்னிரண்டரைக்குச் சாத்தினால் நாலரைக்குத்தான் திறப்பார்கள். அசையாத ஒரு பித்தளைக் கதவு, அதன் குமிழ்கள் ஒவ்வொன்றையும் எண்ணும்படி அவ்வளவு துல்லியமாக, என் இணைப்பைக் குடித்துக்கொண்டு நின்றது. மாமா எதிரே நாற்காலியில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். “மாமா, இதை அமத்துறதே இல்லையா?” “எப்படிம்மா அமத்த? சாமி படுத்திருக்கிற நேரம்லா.” “ராத்திரி?” “ராத்திரியும் நடை சாத்துனது அவங்க, தொறக்கதும் அவங்க. நடுவுல பொசுக்குனு அமத்த நாம யாரு? சத்தத்த மட்டும் கொறச்சு வச்சிருவேன், ஒனக்கு வேலை இருக்குமேன்னு.” எனக்கு வந்த கோபத்துக்கு அந்த டிவியைப் பெயர்த்துத் தெருவில் போட்டிருப்பேன். சத்தத்தைக் குறைத்து வைத்தாராம், எனக்காக. ஒரு மாதமாக இரவெல்லாம் இந்த வீட்டில் ஒரு மூடிய கதவு ஓசையில்லாமல் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது, நான் அடுத்த அறையில் தூங்கியிருக்கிறேன். “மாமா, மலையில ஒரு பொண்ணுக்குக் கை கால் இழுத்துக்கிட்டு. அவ ஸ்கேன் படம் எனக்கு வரணும். இது ஓடுனா அது வராது.” அவர் விளக்கம் கேட்கவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். “பேரு என்னம்மா?” “செவ்வந்தி.” கதவைப் பார்த்து அந்தப் பெயரை ஒருமுறை சொன்னார், மெதுவாக, விலாசம் சொல்வதுபோல. சொல்லிவிட்டு, ரிமோட் எங்கே என்று தேடாமல் நேரே சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கக் கையை நீட்டினார். அங்கே இரண்டு பிளக். கேபிள் அந்தச் சுவர் வழியாக வருவதால் ரவுட்டரும் அங்கேதான், பச்சை விளக்கோடு, குங்குமச் சிமிழுக்குப் பின்னால். அவர் விரல் ரவுட்டர் பிளக்கின்மேல் இருந்தது. அது அணைந்தால் முதலிலிருந்து, ஒன்றிலிருந்து! “மாமா, அது இல்ல!” என்று நான் கத்திய கத்தலில் அவர் கையை நெருப்புப் பட்டதுபோல இழுத்துக்கொண்டார். ரிமோட் பூத்தட்டுக்கு அடியில் இருந்தது. கதவு மறைந்து திரை கறுத்ததும் அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் திரும்பி ஓடினேன்.

நாற்பத்தைந்து. இரண்டு பத்து. இப்போது நாலு விநாடிக்கு ஒன்று விழுகிறது, முன்பு எட்டு. பெருக்கிப் பார்க்கிறேன், பெருக்கும்போதே பயம், எல்லாம் வந்து முடிய இரண்டே கால், இல்லை, இரண்டு இருபத்து நாலு, இருபத்தைந்து. நேரம் இருக்கிறது. நேரம் இருக்கிறது என்று யாருக்குச் சொல்கிறேன், நிமிடத்துக்குப் பத்தொன்பது லட்சம். என்னுடைய மென்பொருளுக்கு ஒரு குணம், கீழிருந்து மேலே வரிசைப்படிதான் இறக்கும், நடுவே தாவ விடாது. தடித்த சீவலாக முப்பது படம் மட்டும் அனுப்பச் சொல்லியிருக்கலாம், மேலே இருக்கிற டெக்னீஷியன் அருளப்பன் மெல்லிசு முழுவதையும் வரிசையில் போட்டுவிட்டான், இனி நிறுத்தினால் எல்லாம் முதலிலிருந்து. சரி, வரட்டும். நாற்பத்தாறு. இதோ காது. மண்டையெலும்பின் கல்போன்ற பகுதிக்குள், இரண்டு பக்கமும், சின்னச் சின்ன நத்தை. இரண்டரைச் சுற்றுச் சுற்றின நத்தை. ஆயிரம் தடவை தாண்டிப் போயிருக்கிறேன் இதை, சக்கரத்தை உருட்டுகிற வேகத்தில் ஒரு வெள்ளைத் தீற்றல், அவ்வளவுதான். இன்றைக்கு நாலு விநாடி அது என் முன்னால் நின்றது. செவ்வந்தி கேட்ட எல்லாம் இதற்குள் போய்த்தான் அவளுக்குக் கேட்டது. அவள் பெயரை முதலில் கூப்பிட்ட குரல், மழை, தேயிலைத் தோட்டத்து விசில், எல்லாம் இந்த அரிசியளவு ஓட்டுக்குள்ளே. ஐம்பத்தொன்று. கண். இரண்டு உருண்டை, பின்னால் நரம்பு, அந்த நரம்பு மூளையை நோக்கிப் போகிற போக்கு. அவள் முகம் எனக்குத் தெரியாது, கண்ணின் பின்பக்கம் தெரிகிறது. எனக்கு மேல் சிலிர்த்துவிட்டது. இருபது வருஷமாக இதுதான் தொழில், இப்போதுதான் சிலிர்க்கிறது என்றால் இத்தனை நாள் என்ன பார்த்துக்கொண்டிருந்தேன்? வேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அறுபது எம்பிபிஎஸ். அந்த வேகத்தில் எல்லாத் தலையும் ஒரே தலைதான்.

ஐம்பத்தெட்டு. ஜன்னலுக்கு வெளியே மின்கம்பத்தில் அந்தக் கறுப்புக் கேபிள் தொங்குகிறது, தென்னை மட்டை உரசி உரசி ஓரிடத்தில் தோல் வெளுத்திருக்கிறது. அதற்குள் தலைமுடியைவிட மெல்லிய ஒரு கண்ணாடி இழை. போன ஆடியில் குரங்கு கடித்து அறுந்தபோது ஒட்ட வந்தவர் காட்டினார், இதுலதான் வெளிச்சம் ஓடுது மேடம், நேராப் பாத்துராதீங்க, கண்ணு போயிரும் என்றார். அது கண்ணுக்கே தெரியாத வெளிச்சம், ஆனால் கண்ணைக் கெடுக்கும். அந்த வெளிச்சத்தில்தான் இப்போது செவ்வந்தி மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருக்கிறாள். வளைவுச் சாலை வழியாக இல்லை, எந்தெந்த ஊர்ப் பெட்டிகளுக்குள்ளேயோ புகுந்து, கடல் தாண்டிக்கூடப் போய்விட்டு வருகிறாளோ என்னவோ, துண்டு துண்டாகச் சிதறி, ஒவ்வொரு துண்டிலும் நான் இன்னாருடைய இன்ன இடத்துத் துண்டு என்று எழுதியிருக்க, என் வீட்டுப் பூஜை அறைச் சுவர் வழியாக உள்ளே வந்து இங்கே ஒட்டிக்கொள்கிறாள். ஒரு துண்டு தவறினால் தவறியது என்று சொல்லி மறுபடி கேட்டு வாங்கிக்கொள்கிறார்களாம். எதுவும் தவறாமல் வந்து சேருகிறதே, அதைச் சொல்ல வேண்டும். இரண்டு மூன்று நிமிடம் முன்புவரை அதே இழையில் அந்தக் கதவும் வந்துகொண்டிருந்தது. ஒரு துண்டு பித்தளைக் கதவு, ஒரு துண்டு செவ்வந்தியின் எலும்பு, ஒரு துண்டு கதவு, ஒரு துண்டு எலும்பு, ஒன்றுக்கொன்று வழிவிட்டு. யார் முன்னால் போவது என்று அங்கே யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். எனக்குக் கும்பிடத் தோன்றியது, எதைப் பார்த்து என்றுதான் தெரியவில்லை. எழுபத்து மூன்று.

போன். ஃபைபரோடு சேர்த்துக் கொடுத்த லேண்ட்லைன், மேசைமேல் சும்மா கிடப்பது, இன்றைக்கு அதுதான் உயிர். அருளப்பன். “மேடம், படம் எல்லாம் வந்துருச்சா?” “எழுபத்தஞ்சு வந்திருக்கு.” “எழுபத்தஞ்சா! மேடம், இங்க டாக்டர் சார் தவிக்கிறார். நான் வேணா மானிட்டர ஃபோட்டோ புடிச்சு வாட்ஸாப்ல போட்டுடவா? டக்குனு பாத்துச் சொல்லிடுவீங்க.” வேண்டாம். “மேடம், நாலே நாலு ஃபோட்டோ.” “வேண்டாம் அருளப்பன். போனை வைக்காதீங்க, ஸ்பீக்கர்ல போட்டுப் பக்கத்துல வச்சிருங்க.” ஃபோட்டோ. ஏழு வருஷம் முன்னால், சங்கரன்கோவிலில் என் சித்தி மகள் கல்யாணம், பந்தியில் உட்கார்ந்திருந்தேன், இலையில் பருப்பு விழுந்த நேரம் வேறொரு ஆஸ்பத்திரியிலிருந்து ஒன்பது ஃபோட்டோ வந்தது. இடது கையால் போனைப் பிடித்து, கட்டைவிரலாலேயே விரித்து விரித்துப் பார்த்தேன், பக்கத்தில் யாரோ அப்பளம் வேண்டுமா என்று கேட்டார்கள், ஆமாம் என்று அப்பளத்துக்கும் ரத்தம் இல்லை என்று போனுக்கும் ஒரே மூச்சில் சொன்னேன். மறுநாள் வீட்டுக்கு வந்து அசல் படங்களைத் திறந்தேன். இடது ஓரத்தில், எலும்பை ஒட்டி, நகக்கண் அளவு வெள்ளைக் கோடு. ஃபோட்டோவில் அந்த இடத்தில் ட்யூப் லைட் பளபளப்பு விழுந்திருந்தது. ராசையா, ஐம்பத்தெட்டு, ஆண். ஊசி போட்ட அன்று இரவே போய்விட்டார். யாரும் என்னைக் கேட்கவில்லை. முற்றின கேஸ் என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள், நானும் தலையாட்டினேன். தலையாட்டினேன், அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. அவர் முகமும் எனக்குத் தெரியாது, அவர் மூளை தெரியும், இப்போதும் கண்ணை மூடினால் அந்தப் படம் வந்துவிடும், அதில் ஓரிடம் மட்டும் வெளிச்சம் பட்டு. அன்றிலிருந்து அப்பளம் தொடுவதில்லை என்று சொன்னால் சிரிப்பார்கள், அதனால் பிடிக்காது என்று சொல்லி வைத்திருக்கிறேன். எண்பத்தொன்பது.

தொண்ணூற்றாறு, நூறு, நூற்று நான்கு. எலும்பு விலகிக்கொண்டே போகிறது, மூளை அகன்றுகொண்டே வருகிறது. இந்த இடத்தில் ரத்தம் இல்லை. இந்த இடத்திலும் இல்லை. மூச்சு எங்கிருந்து நடக்கிறதோ அந்தத் தண்டு சுத்தமாக இருக்கிறது, அவள் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறாள், நல்லது. இதோ நடுவில் நீர் தங்கும் அறைகள், இரண்டு சின்னப் பிறைகள், இளவயது என்பதால் ஒடுக்கமாக. பக்கத்தில் சாம்பல் மேடுகள். இவற்றில் எங்கே இருக்கிறாள் செவ்வந்தி? வலி தெரிகிற இடம் தெரியும், கை அசைக்கிற இடம் தெரியும், பேச்சு இந்த ஓரம், பயம் இதோ இந்தப் பாதாம்பருப்பு அளவு இடம், எல்லாவற்றுக்கும் பெயர் மனப்பாடம். தெரியாதது ஒன்றுதான், இத்தனையும் சேர்ந்து காலையில் எழுந்து நான் என்று எப்படிச் சொல்லிக்கொள்கிறது. மாமாவிடம் கேட்டால் பதில் வைத்திருப்பார், ஆனால் அவர் பதிலுக்கு நான் திருப்பிக் கேள்வி கேட்பேன், சாப்பாடு ஆறிவிடும். நூற்று முப்பத்தொன்று. இரண்டு பதினாறு. ஒரு நிமிடம். பின்பக்கம், நடுவில், ரத்தத்தைத் திருப்பி எடுத்துப்போகும் பெரிய நாளம் குறுக்கே வெட்டுப்பட்டு ஒரு சின்ன முக்கோணமாகத் தெரிகிற இடம், கொஞ்சம் வெள்ளையாக இருக்கிறதோ? இருக்கிறது. இளவயதுக்காரர்களுக்கு அப்படித்தான் இருக்கும், ரத்தம் கெட்டியாக இருக்கும். சரி. நூற்று முப்பத்திரண்டு. அதிலும் வெள்ளை. இருபத்தாறு வயதுதானே, சரி. ஆனாலும் சட்டையில் தைத்த முள்போல அது எங்கேயோ குத்திக்கொண்டே இருக்கிறது. இருபத்தாறு வயதில் ஏன் கால் இழுக்க வேண்டும்? இதயத்தில் ஓட்டை இருக்கலாம். குழாய்ச்சுவர் கிழிந்திருக்கலாம். ஏன் காலை முதலில் எழுதினார்கள், கையும் காலும் என்றுதானே எல்லோரும் எழுதுவார்கள், இவர்கள் வலது காலும் கையும் என்று எழுதியிருக்கிறார்கள். எழுதின நர்ஸுக்கு அப்படி வாயில் வந்திருக்கும். நூற்று நாற்பது. வரிசை நிற்கவில்லை, நான்தான் நிற்கிறேன். ஒருமுறை பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வந்தபோது நூற்று நாற்பத்தொன்பது.

மழை பெய்கிறதோ மேலே, போனில் ஒரு இரைச்சல் கேட்டுக்கொண்டே இருக்கிறது. பேச்சு மட்டும் எப்படி உடனே வந்துவிடுகிறது? ஒரு தும்மல் கேட்கிறது, மலைமேல் தும்மின கணத்திலேயே கேட்கிறது, படமோ சொட்டுச் சொட்டாக. குரலுக்குக் கனமில்லை போலிருக்கிறது. வேகத்தைக் குறைத்தவர்களும் குரலை விட்டுவைத்திருக்கிறார்கள், அதற்காகவாவது அவர்கள் நன்றாக இருக்கட்டும். “மேடம், நான் டாக்டர் நௌஷாத்.” சின்ன வயதுக் குரல், ஓடிவந்து நின்றதுபோல. “மணி ரெண்டு இருபது மேடம்.” “தெரியுது டாக்டர். நூத்தித் தொண்ணூறு வந்திருக்கு.” “அதுல ரத்தம்?” “இதுவரைக்கும் இல்ல.” இல்லை என்ற வார்த்தை என் வாயிலிருந்து போய்விட்டது, இதுவரைக்கும் என்பது அங்கே கேட்டதோ இல்லையோ. “அப்ப க்ளாட்தான், அடைப்புதான் மேடம். நான் மருந்தக் கலக்கட்டுமா? கலக்கவே ரெண்டு நிமிஷம் ஆகும். இது எனக்கு முதல் தடவை.” எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று, முதல் தடவை என்று சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும். கசியும் இடங்களெல்லாம் பெரும்பாலும் கீழேயும் நடுவேயும்தான், அவை தாண்டியாயிற்று. மேலே மீதி இருப்பது உச்சி மட்டும், எழுபது படம், அங்கே ஒன்றும் இருக்காது, நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேருக்கு இருக்காது. தொண்ணூற்றெட்டை நம்பி ஊசி போடச் சொல்லிவிடலாமா. இப்போதே சொன்னால் ஐந்து நிமிடம் மிச்சம், தொண்ணூற்றைந்து லட்சம் மிச்சம், அவள் வலது கை விரல்கள் ஒன்றிரண்டு மிச்சம். “கலந்து வையுங்க” என்றேன். “போட்டுராதீங்க. நான் சொல்லணும்.” “சரி மேடம்.” குப்பியை உடைக்கிற சத்தம். பிறகு வேறு ஒரு சத்தம், மெலிதாக, கதவுக்கு அந்தப் பக்கமிருந்து வருவதுபோல. பூனையா? பூனை இல்லை. “அருளப்பன், அங்க என்ன, குழந்தை அழுகுதா?” “ஆமா மேடம், பேஷண்ட்டோடதுதான். இப்பத்தான் அவங்க தங்கச்சி தூக்கிட்டு வந்துச்சு, பால் குடுக்கணும்னு.” “எத்தனை நாள் குழந்தை?” அவன் திரும்பி யாரிடமோ கேட்டான். “பதினாலு நாள் மேடம்.”

பதினாலு நாள். அதை ஏன் எழுதவில்லை, ஏன் யாரும் எழுதவில்லை! பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜீப்பில் தூக்கிவந்து போட்டிருப்பார்கள், கால் இழுத்துவிட்டது என்று மட்டும் சொல்லியிருப்பார்கள், கேட்கத் தோன்றியிருக்காது, கேட்காமல் சொல்லவும் தோன்றியிருக்காது. பச்சை உடம்புக்காரி. பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் ஆகாது, வயிறு பெருத்துவிடும், வெந்நீரில் தொண்டையை நனைத்துக்கொண்டால் போதும். எனக்கே என் அம்மா அப்படித்தான் செய்தாள், நான் எம்டி முடித்திருந்தேன், இருந்தும் அரை டம்ளர் வெந்நீர்தான், குளியலறைக் குழாயில் வாய் வைத்துத் திருட்டுத்தனமாகக் குடித்தேன், அந்தத் தண்ணீரின் துருவாடை இன்னும் நாக்கில் இருக்கிறது. இவளுக்குக் குடிக்கத் தெரிந்திருக்காது, சொன்னதைக் கேட்டிருப்பாள். உடம்பு வற்றி, ரத்தம் கெட்டித்து, மூளைக்குப் போகும் குழாயில் இல்லை, மூளையிலிருந்து திரும்பும் நாளத்தில் அடைத்திருக்கிறது. அந்த வெள்ளை முக்கோணம். அது இளவயது இல்லை, அது அடைப்பு. திரும்பும் வழி அடைத்தால் பின்னால் அழுத்தம் ஏறும், ஏறி எங்கே கசியும்? உச்சியில். நடுக்கோட்டை ஒட்டி, இடது மூளையில் வலது காலை ஆட்டுவிக்கிற இடத்தில். கால்தான் முதலில் எழுதியிருந்தார்கள். “டாக்டர், ஊசி யாருகிட்ட இருக்கு?” “என் கையிலதான் மேடம், ரெடி.” “இருங்க. தொடாதீங்க. அவங்களுக்குத் தலைவலி இருந்துச்சான்னு கேளுங்க.” போனில் காலடி, கேள்வி, ஒரு பெண்ணின் குழறாத குரல், தூரத்தில். செவ்வந்தியின் குரல். அந்த நத்தைகளுக்குச் சொந்தக்காரி. என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை, குரல் மட்டும் கேட்டது, எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “மூணு நாளா மண்டை பொளக்குதாம் மேடம். பிரசவத்துக்கு அப்புறம் அப்படித்தான் இருக்கும்னு வீட்ல சொன்னாங்களாம்.” இருநூற்றுப் பதினெட்டு. சுத்தம். சொல்லிவிடலாமா, ஊசி வேண்டாம் என்று இப்போதே? பார்க்காமல் எப்படிச் சொல்வேன்? நான் நினைப்பது தப்பாக இருந்து, குழாயில்தான் அடைப்பு என்றால், ஊசியைத் தடுத்து ஒரு கைக்குழந்தைக்காரியின் கையையும் காலையும் நானே எடுத்துக்கொண்டவள் ஆவேன். பார்க்க வேண்டும். வெள்ளை முக்கோணம் சந்தேகம், ரத்தம்தான் சாட்சி. இருநூற்று இருபத்தொன்று. அது இருக்கிறது என்றால் ஏற்கனவே அங்கே இருக்கிறது, மலைமேல் எடுத்து முடித்த படத்தில் இருக்கிறது, அவள் தலையில் இருக்கிறது, என்னிடம்தான் இன்னும் வந்து சேரவில்லை. நாலு விநாடிக்கு ஒரு சீவல். அறுபது எம்பிபிஎஸ்ஸில் வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசிக்கக்கூடப் பயமாக இருக்கிறது. இரண்டு நாலுக்கே எல்லாம் வந்திருக்கும், சக்கரத்தை ஒரு உருட்டு உருட்டியிருப்பேன், உச்சியில் எலும்புக்கு அருகே எப்போதும் இருக்கிற மங்கலோடு மங்கலாக அதைத் தாண்டியிருப்பேன், இரண்டு ஆறுக்கு இல்லை என்று சொல்லியிருப்பேன், பிள்ளை அழுகிற சத்தம் கேட்பதற்கு வெகு முன்னால். அல்லது கண்டுபிடித்திருப்பேன். தெரியாது. தெரியவே தெரியாது.

இருநூற்று இருபத்தாறு. மடிப்புகள், மண்டைக்குள் மடிந்து மடிந்து கிடக்கும் அத்தனை மடிப்பும் ஒழுங்காக. இருநூற்று முப்பது. சுத்தம். முப்பத்தொன்று. பக்கத்து அறையில் மாமா எதையோ முணுமுணுக்கிறார், கறுத்த திரைக்கு முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறார் போலிருக்கிறது. முப்பத்து நான்கு. எண் மாறி, படம் வருமுன் ஒரு கண்ணிமைப்பு திரை சாம்பலாக நிற்கிறது, அந்த இமைப்பில் நான் எதையெல்லாமோ நேர்ந்துகொள்கிறேன், வரவேண்டும் என்றா வரக்கூடாது என்றா என்று தெரியாமல். முப்பத்தைந்து. முப்பத்தாறு. இடது பக்கம், நடுக்கோட்டை ஒட்டி, ஒரு மடிப்பு மட்டும் மற்றதைப்போல இல்லை. முப்பத்தேழு. வெள்ளை. உளுந்தளவு. முப்பத்தெட்டு, மொச்சையளவு, சுற்றிலும் வீங்கின சாம்பல் வளையம். முப்பத்தொன்பது, நாற்பது, நாற்பத்தொன்று, அது மேலே போகப்போகப் பெரிதாகிறது, ஒளிந்துகொள்ளவில்லை, நான் வருவேன் என்று இத்தனை நேரமும் அங்கேயே இருந்திருக்கிறது. கடவுளே, எவ்வளவு தெளிவாக இருக்கிறது. “டாக்டர் நௌஷாத்.” என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. “சொல்லுங்க மேடம்.” “ரத்தம் இருக்கு. உச்சியில, இடது பக்கம். திரும்புற நாளத்துல அடைப்பு, அதனால கசிஞ்சிருக்கு. அந்த ஊசி வேண்டாம். சலைன் போடுங்க, வாயில முழுங்க முடியுதான்னு பாத்துட்டுத் தண்ணி குடுங்க, எவ்வளவு கேட்டாலும் குடுங்க. ஆம்புலன்ஸ் சொல்லிக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க, நான் அங்க பேசுறேன். வேற மருந்து இருக்கு, சரியாயிடுவாங்க, நிறையப் பேரு சரியாயிருக்காங்க.” குழந்தை மட்டும் அழுதது. “டாக்டர், கேக்குதா?” “கேக்குது மேடம்.” பிறகு மெதுவாக, “நான் அவங்க கையில ஊசி குத்திட்டேன் மேடம். தள்ளலை. நீங்க சொன்னதும் தள்ளுறதுக்காக சிரிஞ்சை மாட்டி வச்சிட்டிருந்தேன்.” கட்டைவிரல் அதன் தலையில் இருக்கிறது என்று அவர் சொல்லாமலே தெரிந்தது, அந்த விரல், எனக்கு முகம் தெரியாத இன்னொருவருடையது. இல்லை என்ற வார்த்தை இந்த வழியாகத்தானே போயிற்று, நான்கு நிமிடம் முன்னால், கணத்தில் போயிற்று. “விரலை எடுங்க தம்பி” என்றேன். “எடுத்துட்டு, கழட்டிக் கீழே வையுங்க.” ஏதோ கழன்றது, ஒட்டின பிளாஸ்திரி உரிந்தது. பிறகு ஸ்டீல் ட்ரேயில் ஊசி பட்ட சின்னச் சத்தம், இங்கே எனக்குக் கேட்டது.